பெயிண்ட் கடைசி, பிரேக் முதல்

பழைய கார் வாங்கற ஆசை நம்ம ஆளுங்க மத்தியில கொஞ்சம் கொஞ்சமா பரவிக்கிட்டு வருது. பெங்களூர்ல பதினஞ்சு இருபது வருஷம் குப்பை கொட்டியாச்சு, வீட்டுக் கடன் பாதிக்கு மேல அடைஞ்சாச்சு, பசங்க ஹைஸ்கூல் போயாச்சு. அந்தச் சமயத்துல ஒருநாள் ஃபோன்ல ஒரு படம் வரும். ஃபியட், அம்பாஸடர், இல்லேன்னா ஸ்டாண்டர்டு ஹெரால்ட். "எங்க சித்தப்பா வெச்சிருந்தாரு"ன்னு ஆரம்பிக்கற பேச்சு, ஒரு மாசத்துல வண்டியை லாரியில ஏத்திக் கொண்டுவர்றதுல முடியும்.

இதுல தப்பு ஒண்ணுமில்லை. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். ஆனா வண்டி வீட்டு வாசலுக்கு வந்த பிறகு பெரும்பாலானவங்க முதல்ல தேடறது பெயிண்டரை. அதுக்கப்புறம் சீட் தைக்கறவர். அப்புறம் குரோமியம் பூசறவர். பிரேக் பாக்கறவர் கடைசி. காசு தீர்ந்து போச்சுன்னா அவர் லிஸ்ட்லயே இருக்க மாட்டார். இந்த வரிசையைத் தலைகீழா மாத்தணும்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம ஊர்க்காரங்க இந்த வண்டியை வாங்கி ஷோகேஸ்ல வெக்கறதில்லை. பொங்கலுக்கு ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும், அப்பா அம்மாவை ஏத்தி ஒரு ரவுண்டு வரணும்னுதான் வாங்கறோம். பெங்களூர்ல இருந்து சேலம் போற வழியில தர்மபுரி தாண்டினா தொப்பூர் கணவாய். நல்ல பிரேக் இருக்கற புது லாரியே திணறி, அடிக்கடி செய்தியில வர்ற இறக்கம் அது. அதுல பழைய கார்ல, பின் சீட்ல குழந்தைகளோட இறங்கப் போறோம். பெயிண்ட் பளபளப்பு அங்க காப்பாத்தாது.

நம்ம ஊர்க் கார்

நான் வாங்கினது 1969-ல பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்ட். மெட்ராஸ்ல இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல இருந்து தயாரிச்ச வண்டி. வடிவம் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி போட்டது, இன்ஜின் 948 சிசி, மூலம் இங்கிலாந்து ட்ரையம்ஃப். இங்கிலாந்துல ஹெரால்ட்டுக்கு ரெண்டு கதவுதான். குடும்பத்தோட ஏறி இறங்கற நம்ம பழக்கத்துக்காக நாலு கதவு ஹெரால்ட் வந்தது இந்தியாவுல மட்டும்தான். 1972-ல கெஸல் வந்தது. 1988-ல கார் தயாரிப்பே நின்னு போச்சு. ஃபாக்டரி இருந்த வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இன்னிக்கு ஐடி கட்டடங்கள் நிக்குது. கார் செஞ்சவங்க போய் நாம வந்திருக்கோம் :-)

என் வண்டி திருச்சி பக்கம் ஒரு கொட்டகையில 14 வருஷம் நின்னது. விக்கறதுக்கு முன்னாடி அழகா பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. ஒரு சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி ஒட்டிப் பாத்தா, கதவுக்குக் கீழே நிறைய இடத்துல ஒட்டலை. உள்ளே தகடு இல்லை, பட்டிதான். அதைக் காட்டித்தான் விலையைக் குறைச்சேன். ஃபோட்டோவைப் பாத்து அட்வான்ஸ் அனுப்பற வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபோட்டோவுக்கு ஒட்டாத காந்தம் தெரியாது. ஊர்ல யாரையாவது அனுப்பி, கீழே படுத்துப் பாக்கச் சொல்லுங்க.

சாவியைத் திருப்பாதீங்க

வண்டி வந்து இறங்கின உடனே எல்லாரும் செய்யற காரியம், புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறது. வருஷக்கணக்கா நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங் சிலிண்டரோட துருவுல ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டரைக் கொடுத்தா ரிங் உடையும், சிலிண்டர் கீறும். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி ரெண்டு மூணு நாள் ஊற விடணும். அப்புறம் டாப் கியர்ல போட்டு, வண்டியைக் கையால முன்னும் பின்னும் தள்ளிப் பாக்கணும். இன்ஜின் சுத்துதுன்னா நல்ல சகுனம். ஆயிலை மாத்தி, மத்த வேலையெல்லாம் முடிச்ச பிறகு சாவி.

எனக்கு வேலை பாத்துக் கொடுத்தவர் வில்சன் கார்டன் பக்கம் ஒரு பெரியவர். எழுபது தாண்டினவர். அவங்க அப்பா காலத்துலயே வட ஆற்காட்டுல இருந்து இங்க வந்த குடும்பம். "எப்பண்ணே ஸ்டார்ட் பண்ணலாம்?"னு கேட்டதுக்கு அவர் சொன்ன பதில் இது:

"தம்பி, ஓடாத வண்டி நின்னா உனக்கு என்ன நஷ்டம்? ஓடற வண்டி நிக்கலேன்னாதான் நஷ்டம். முதல்ல நிக்க வெப்போம்."

என் கட்சியும் அதேதான்.

நிக்க வைக்கறது

அறுபது எழுபதுகள்ல நம்ம ஊர் வண்டிகள்ல பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு சர்க்யூட்தான். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய் வழி. எங்கயாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடிச்சா, ஒரு சக்கரத்து பிரேக் மட்டும் போகாது, நாலும் சேர்ந்து போகும். பெடல் தரையைத் தொடும். மிச்சம் இருக்கறது ஹேண்ட் பிரேக்கும் கடவுளும்தான். இப்ப வர்ற கார்ல ரெண்டு சர்க்யூட் இருக்கறதால ஒண்ணு போனாலும் ஒண்ணு பிடிக்கும். இந்த வித்தியாசம் தெரியாமலே நிறைய பேர் பழைய வண்டி ஓட்டறாங்க.

பிரேக் எண்ணெய் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். நின்ன வண்டியில அந்த ஈரம் சிலிண்டருக்குள்ள துருவாகும். அதனால பழைய ஹோஸ் பாக்க நல்லா இருந்தாலும் தூக்கிப் போடுங்க. எல்லா வீல் சிலிண்டரையும் கழட்டுங்க. உள்ளே குழி விழுந்திருந்தா புதுசு போடணும், கிடைக்கலேன்னா கடைசல் பட்டறையில ஸ்லீவ் போட்டுத் தரச் சொல்லலாம். இரும்புக் குழாய்கள் எல்லாத்தையும் மாத்துங்க. ஹேண்ட் பிரேக் கேபிளையும் சேர்த்து.

அடுத்து டயர். பட்டன் தேயாம இருந்தா நல்ல டயர்னு அர்த்தமில்லை. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 2309-னா 2009-ல 23-வது வாரம் செஞ்சது. மூணு இலக்கம்தான் இருந்தா அது 2000-க்கு முன்னாடி வந்தது, யோசிக்கவே வேணாம்.

கிரீஸா, எண்ணெயா?

ஹெரால்ட் வெச்சிருக்கறவங்க இந்தப் பகுதியை மட்டுமாவது ரெண்டு தடவை படிச்சிடுங்க.

இந்த வண்டியில முன் சக்கரத்தைத் தாங்கற செங்குத்துத் தண்டோட கீழ் முனையில மறை வெட்டியிருக்கும். அது ட்ரனியன்னு ஒரு பித்தளைக் கட்டைக்குள்ள திருகி உக்காந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள்ள சுத்தும். கம்பெனி கையேடு அதுக்குப் போடச் சொல்றது கியர் எண்ணெய், ஈபி 90. கிரீஸ் இல்லை. கிரீஸ் போட்டா நாளாக ஆக அது இறுகி, மறைக்குள்ள இறங்காது. தண்ணி இறங்கும். துரு பிடிக்கும், தண்டு இறுகும். ஒருநாள் பட்டுனு முறியும், முன் சக்கரம் மடங்கி உள்ளே சாயும். பார்க்கிங்ல முறிஞ்சா அதிர்ஷ்டம். தொப்பூர்ல முறிஞ்சா?

நம்ம ஊர்ல சர்வீஸ்னாலே எல்லா நிப்பிள்லயும் கிரீஸ் கன் வெச்சு அடிக்கறது பழக்கம். என் வண்டியிலயும் முன்னாடி யாரோ அப்படித்தான் அடிச்சிருந்தாங்க. பெரியவர் கழட்டிக் காட்டினப்ப தண்டுல மறையைச் சுத்தி ஒரே துரு. ரெண்டு பக்கமும் புதுசு போட்டோம். அவர் இளம் வயசுல ஹெரால்ட் சர்வீஸ் பண்ணின இடத்துல வேலை பாத்தவர். அதனாலதான் அவருக்கு இது தெரியும். அவர்கிட்ட வேலை கத்துக்கற பையனுக்குத் தெரியலை. அவன் தப்பு இல்லை, அவன் பாத்த முதல் ஹெரால்ட் என்னுது.

இந்தக் கார்களுக்கு உண்மையான தட்டுப்பாடு பாகம் இல்லைன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. ட்ரையம்ஃப் ஹெரால்ட்டுக்கு இங்கிலாந்துல இன்னும் ரசிகர்கள் உண்டு, நிறைய பாகம் புதுசாவே செஞ்சு விக்கறாங்க. லண்டன்ல மச்சான் இருந்தா போதும், முன்ன சாக்லேட் வந்த பெட்டியில இப்ப ட்ரனியன் வரும் :-) ஃபியட், அம்பாஸடர்னா ஜேசி ரோடு கடைகள்லயும், சிவாஜி நகர் குஜிரியிலயும் தேடினா கிடைக்கும். இன்ஜின் கடைசல் வேலைக்கு பீன்யா இருக்கு. ஆனா எங்க எண்ணெய், எங்க கிரீஸ்னு தெரிஞ்ச மனுஷங்க எழுபது வயசைத் தாண்டிட்டாங்க. நாம ஆபீஸ்ல எவ்வளவு டாக்குமெண்டேஷன் எழுதறோம்? வண்டி வேலை நடக்கும்போது ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் பக்கத்துல உக்காருங்க. என்ன அளவு, என்ன எண்ணெய், எதை எதுக்கப்புறம் கழட்டினாங்கன்னு எழுதுங்க. அந்தப் பையனுக்கும் ஒரு காப்பி கொடுங்க. பெரியவர் கேக்கற கூலியில பேரம் பேசாதீங்க. பெயிண்ட்டுக்குக் கொடுக்கற காசுல கொஞ்சம்தான் அது.

பெட்ரோல் மாறிப் போச்சு

இந்த வண்டிகள் வந்த காலத்துப் பெட்ரோல் இப்ப இல்லை. 2000 பிப்ரவரியில இருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல். 2025-ல 20 சதவீத எத்தனால் கலப்பு வரைக்கும் வந்தாச்சு. ஈயம் போனதால வார்ப்பிரும்பு ஹெட் இருக்கற ஹெரால்ட், பழைய அம்பாஸடர்ல வால்வு உக்கார்ற இடம் மெதுவா தேயும். அவசரம் இல்லை. டாப்பட் இடைவெளி அடிக்கடி குறையுதான்னு கவனிங்க. எப்பவாவது ஹெட்டைக் கழட்டினா அப்ப கடினமான சீட் போட்டுக்கலாம்.

எத்தனால் விஷயம் அப்படி இல்லை, அவசரம். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாத்தையும் அது உப்ப வெச்சு, மெதுவாக்கி, விரிசல் விட வைக்கும். டேங்க்ல தண்ணியைச் சேர்க்கும். ஹெரால்ட்ல கார்புரேட்டரும் சைலன்ஸர் குழாய் ஆரம்பிக்கற இடமும் இன்ஜினோட ஒரே பக்கம். அங்க பெட்ரோல் சொட்டினா சூடான இரும்பு மேலதான் விழும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால டேங்கை இறக்கிக் கழுவி, எத்தனால் தாங்கற ஹோஸ் வாங்கிப் போட்டு, ஒரு ஃபில்டர் வெச்சிடுங்க. பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் புது கிட். நிறுத்தி வைக்கற வண்டியில பெட்ரோலை மாசக்கணக்குல தேங்க விடாதீங்க. வயரிங்கும் இதே கணக்குதான். அம்பது வருஷத்து வயர் மேல இருக்கற உறை தொட்டா உதிரும், ஃபியூஸ் பேருக்குத்தான் இருக்கும். வயர் முழுக்க மாத்தி, கூடுதல் ஃபியூஸ் வெச்சு, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கற ஸ்விட்ச் ஒண்ணும், டிரைவர் சீட் கிட்ட தீயணைப்பான் ஒண்ணும் போடுங்க.

சூடு ஏறுதுன்னு புலம்பறவங்க நிறைய. இந்த வண்டிகள்ல ஃபேன் இன்ஜினோட பெல்ட்ல சுத்துது. சில்க் போர்டு சிக்னல்ல வண்டி நின்னா ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும். ரேடியேட்டரைக் கழட்டி உள்ளே கம்பி விட்டு அடைப்பு எடுக்கறது பழைய வேலை, அதுவே பெரும்பாலும் போதும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டா சரியாயிடும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுங்க.

"மாருதி இன்ஜின் போட்டா என்ன?"

கேட்டவங்க பல பேர். நியாயமான கேள்விதான். தினமும் ஆபீஸுக்கு ஓட்டணும், வழியில நிக்கக் கூடாதுன்னா அதுக்கு மாருதியே வாங்கிக்கலாம், விலையும் கம்மி. பழைய பிரேக், பழைய சஸ்பென்ஷன் மேல அதிக வேகம் போற இன்ஜினை வெச்சா ஆபத்துதான் கூடும். சட்டமும் குறுக்கே நிக்கும். 2021 ஜூலையில வந்த மத்திய விதிப்படி 50 வருஷம் தாண்டின கார் 'விண்டேஜ்'. ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் செய்யாம இருக்கணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல 'விஏ'ன்னு வரும். அப்படிப் பதிஞ்சா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் ரோட்ல எடுக்கலாம். ஊருக்குப் போக ஆசைப்படறவங்க இதை யோசிச்சுட்டுச் செய்யணும்.

சாதாரணப் பதிவுல வெச்சுக்கணும்னா 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல கட்டணம் 600-ல இருந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000. தமிழ்நாட்டு நம்பரோட இங்க 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா கர்நாடகப் பதிவுக்கு மாத்தணும், அதுக்கு அந்த ஆர்டிஓவோட தடையில்லாச் சான்றிதழ் வேணும். இதெல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது. சேஸிஸ் நம்பர் ஆர்சியோட ஒத்துப் போகலேன்னா, எவ்வளவு அழகான வண்டியா இருந்தாலும் திரும்பி வந்துடுங்க.

அப்ப காசு?

என் கணக்கு எளிமையானது. வண்டிக்கு நூறு ரூபாய் கொடுக்கறீங்கன்னா இன்னொரு நூறு ரூபாய் தனியா எடுத்து வைங்க. அந்த நூறுல முதல் செலவு பிரேக், டயர், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன். ரெண்டாவது பெட்ரோல் வழி, வயரிங். மூணாவது ரேடியேட்டர், இன்ஜின். சேஸிஸ்ல துரு இருந்தா அது முதல் வரிசையில சேரும். ஹெரால்ட்டுக்குத் தனி சேஸிஸ், பாடி பகுதி பகுதியா போல்ட்ல நிக்கறதால அந்த வேலை செய்ய முடிஞ்ச வேலைதான். இதெல்லாம் முடிச்சு ஒரு ஆறு மாசம் ஓட்டுங்க. முதல் மாசம் வீட்டைச் சுத்தி. அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில நந்தி மலை. ஏறும்போது ரேடியேட்டர் பரீட்சை, இறங்கும்போது பிரேக் பரீட்சை. ரெண்டாவது கியர்லயே இறங்குங்க. டிரம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி பிடிப்பு குறையும். கீழே வந்ததும் நாலு டிரம்மையும் தொடாம, கிட்ட மட்டும் கை வெச்சுப் பாருங்க. ஒண்ணு மட்டும் அதிகமா கொதிச்சா அந்தச் சக்கரத்துல வேலை பாக்கி இருக்கு. இந்த ரெண்டு பரீட்சையும் தேறின பிறகுதான் தொப்பூர்.

பெயிண்ட்? மிச்சம் இருந்தா அடிங்க. இல்லேன்னா அடுத்த வருஷ போனஸ்ல அடிங்க. மங்கின பெயிண்ட்டோட ஓடற வண்டியைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க, சிக்னல்ல நின்னு பேசத்தான் செய்வாங்க. பளபளன்னு பெயிண்ட் அடிச்சு பிரேக் பண்ண காசில்லாம ஷெட்ல நிக்கற வண்டிகளை இந்த ஊர்ல நிறைய பாத்துட்டேன். ரெண்டு வருஷத்துல அதோட ரப்பர் எல்லாம் மறுபடியும் காய்ஞ்சு, மறுபடியும் ஒரு ஃபோட்டோவா, இன்னொருத்தர் ஃபோனுக்குப் போகும்.

மும்பையில 2023 அக்டோபரோட பத்மினி டாக்ஸி முடிஞ்சுது. அம்பாஸடர் தயாரிப்பு 2014 மே மாசம் நின்னுது. இனிமே இந்த வண்டிங்க ஓடறதும் ஓடாததும் நம்மள மாதிரி ஆசையில வாங்கறவங்க கையிலதான் இருக்கு. ஆசைப்படறது நம்ம உரிமை. ஆனா பின் சீட்ல உக்கார்றவங்க நம்மள நம்பித்தான் உக்கார்றாங்க.

பி.கு: நான் மெக்கானிக் இல்லை, மென்பொருள் ஆள். மேலே சொன்னதை உங்க வண்டியோட கையேட்டையும், தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கையும் வெச்சுச் சரி பாத்துக்குங்க. ஊர்ல கொட்டகையில ஹெரால்ட் நிக்குதுன்னு யாராவது சொன்னா, விக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. வாங்கறதுக்கு இல்லை (வீட்டுல உதை விழும்), கிரீஸ் அடிச்சிருக்கான்னு பாத்துச் சொல்றதுக்கு :-)